மேட்டுக்கு எந்த மோட்டார்

ஜூன் 30, திங்கள்

விடியலிலிருந்து மழை. ரெயின்கோட்டின் இடது கை கிழிந்திருக்கிறது. தைக்க வேண்டும்.

லேபில் மீட்டிங். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் நாங்கள் ஆறு பேரும் நின்றுகொண்டு, வெங்கட் சார் உட்கார்ந்துகொண்டு. செம்பூர் லேபுக்கு அவர்தான் சூப்பர்வைசர். பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா. சைக்கிளில் கடைசியாக எப்போது ஏறினாரோ. எங்கள் சைக்கிள்களுக்கெல்லாம் மோட்டார் போடப்போகிறார்களாம். இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், ஹப் மோட்டார். இன்னொன்று பெடல் பக்கத்தில் இருந்து செயினை இழுக்கும், மிட் டிரைவ். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து எது நல்லது என்று ரிப்போர்ட் தர வேண்டும்.

ஓட்டப்போவது யார்? ஹப் எனக்கு. மிட் டிரைவ் சுரேஷுக்கு.

சுரேஷின் ரூட் மாட்டுங்கா, சயான். தட்டுப்போல் சமம். என் ரூட் அணுசக்தி நகர் தாண்டி, மலையை ஒட்டின காலனி வரை. கடைசி அரைக் கிலோமீட்டர் மேடு. ஒன்பது வருடமாக அங்கே இறங்கித் தள்ளுகிறேன்.

கேட்டேன். "சார், மேட்டு ரூட்டு என்னுதுதான. அந்த மோட்டார எனக்குத் தந்தா என்ன?"

"அது விலை ஜாஸ்தி, இசக்கி. கியர் எல்லாம் இருக்கு. நோக்கு கஷ்டமாப் போயிடும்."

சுரேஷ் சிரித்தான். எல்லாவற்றுக்கும் சிரிப்பான் அவன்.

கஷ்டமாம். ஒரு வயதுக் குழந்தையின் கையில் நரம்பைத் தேடிப் பிடிக்கிறவளுக்குக் கியர் கஷ்டமாம்.

ஒரு நிம்மதி. இந்த நோட்டை லேப் டிராயரிலேயே போட்டு வைக்கலாம். வெ. சாருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் தாராவி கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். சுரேஷுக்கு அதுவும் இல்லை, தன் பெயரையே தமிழில் எழுதத் தெரியாது.

ஜூலை 1, செவ்வாய்

மழை விட்டு விட்டு. முதல் நாள் ஹப்.

சமதளத்தில் நன்றாகத்தான் போகிறது. பொய் எழுதக் கூடாது. யாரோ பின்னால் கை வைத்துத் தள்ளுவதுபோல. சிக்னலில் ஒரு ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கே கொஞ்சம் பெருமை.

மேடு. பாதி வரை முனகிக்கொண்டே ஏறியது. அப்புறம் வேகம் குறைந்தது. அப்புறம் கப்சிப். இறங்கித் தொட்டுப் பார்த்தேன், சக்கரத்தின் நடு இட்லிக் கொப்பரை மாதிரி கொதிக்கிறது. தள்ளினேன். பழைய சைக்கிளாவது லேசு. இப்போது மோட்டார், பேட்டரி, சாம்பிள் வைக்கிற ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து.

வெ. சாரிடம் சொன்னேன். "பழகிடும்" என்றார், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. எதற்குப் பழகும்? மோட்டாருக்கா, எனக்கா?

வாங்க: ஊசி நூல், கடலைப் பருப்பு, முழங்காலுக்குத் தைலம்.

ஜூலை 3, வியாழன்

சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியில் பாண்டி அண்ணன் கடை. தாராவியில் எங்கள் சந்து முனையில் சைக்கிள் ரிப்பேர். இரண்டு மோட்டாரைப் பற்றியும் சொன்னேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், பீடியை எறிந்தார்.

"தாயி, இது சக்கரத்தோட ஒட்டுன மோட்டாரு. மேட்டுல சக்கரம் மெதுவாச் சுத்துனா மோட்டாரும் மெதுவாத்தான் சுத்தும். முக்கி முக்கிச் சூடாயிரும். தன்னக் காப்பாத்திக்கிட அதுவே நின்னுரும். அந்த இன்னொண்ணு செயின இழுக்கில்லா, அது கியர மாத்துனா லேசா ஏறிரும்."

"அப்ப அதான் நல்லதா அண்ணே?"

"நல்லதுதான். ஆனா செயினத் தின்னுரும். சரியா மிதிக்கத் தெரியாதவன் கையில குடுத்தா மாசத்துக்கு ஒரு செயின். சமதரையில போறவனுக்கு ஒன்னுது போதும். மேட்டுல போறவளுக்குத்தான் அது."

தலைகீழாகக் கொடுத்திருக்கிறார் என்பது ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு பீடி நேரத்தில் தெரிகிறது.

ஹப் மோட்டார் வெ. சாரின் மச்சினன் கடையில் வாங்கியதாம். லேபில் பேச்சு. அதுதான் விஷயம் போல. ரிப்போர்ட், டிரையல் எல்லாம் நாடகம்.

ஜூலை 7, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும்.

காலனியில் ஐந்து பேர். கடைசி வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை, ஆறு நாளாகக் காய்ச்சல். அழுதுகொண்டே கையைக் கொடுத்தாள். ஒரே குத்தில் எடுத்தேன். அம்மாவுக்கு நிம்மதி, எனக்கும்.

இறங்கி மெயின் ரோட்டுக்கு வந்ததும் பின்சக்கரம் பங்சர். மழை. பங்சர் ஒட்டுகிறவன் சக்கரத்திலிருந்து வரும் வயரைப் பார்த்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "இதுல கரண்ட் இருக்கு, நான் கை வைக்க மாட்டேன்" என்று இந்தியில். கெஞ்சினேன். நகர்ந்துவிட்டான்.

வெ. சாருக்குப் போன்.

"சார், பெட்டிய மட்டும் எடுத்துக்கிட்டு ரிக்‌ஷாவுல வந்துருதேன்."

"சைக்கிளை விட்டுட்டு வராதே. புதுசு. அங்கேயே நில்லு, ஆள் அனுப்பறேன்."

நின்றேன். ஒன்றே முக்கால் மணி நேரம். ஐஸ் கரைந்து பெட்டிக்குள் குலுங்குகிற சத்தம். பக்கத்தில் எத்தனை ரிக்‌ஷா போனது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கிற கழுதை நான்.

ஜூலை 8, செவ்வாய்

குழந்தையின் சாம்பிள் கெட்டுவிட்டது. ரத்தம் உடைந்து ரோஸ் நிறத்தில் தண்ணீர். மறுபடி எடுக்க வேண்டும். யார் போவது? நான்தான்.

அம்மாக்காரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "என் பிள்ளை என்ன தைக்கிற துணியா, ஊசி ஏற்றிக்கொண்டே இருக்க?" இந்தியில் அந்த மாடி முழுவதும் கேட்கிற மாதிரி. குழந்தை என்னைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேர் பிடிக்க, குத்தினேன். காய்ச்சலில் வற்றிப்போன கை. முதல் குத்து கிடைக்கவில்லை. இரண்டாவதில்தான். நேற்றையதோடு மூன்று.

டெங்கு. சாயந்திரம் ரிப்போர்ட் வந்தது. ஒரு நாள் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

வெ. சார்: "பங்சர் எந்த சைக்கிளுக்கும்தான் வரும் இசக்கி."

உண்மைதான். உண்மையைச் சொல்லும்போதுதான் அவரை இன்னும் பிடிக்காமல் போகிறது.

ஜூலை 10, வியாழன்

அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். தேறுகிறாளாம். வாட்ச்மேன் சொன்னார்.

சுரேஷ் லீவு. யாரையும் கேட்கவில்லை. அவன் சைக்கிளை எடுத்தேன்.

மேட்டுக்குக் கீழே கியரைக் குறைத்தேன். மிதித்தேன். ஏறுகிறது! அவசரமில்லாமல், முனகாமல், ஒரே சீராக. வழக்கமாக நான் இறங்கித் தள்ளுகிற வேப்பமரம் தாண்டிப் போய்விட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. காலனி வாசலில் நின்று சிரித்தேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை கால் நடுங்காமல் ஒருவர் கையில் ஊசி வைத்தேன்.

திரும்புகிற வழியில் மேம்பாலம். அவசரத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினேன். டப். செயின் அறுந்தது. செயின் இல்லாவிட்டால் இந்த மோட்டார் வெறும் இரும்பு. இந்தத் தடவை யாருக்கும் போன் போடவில்லை. பாலத்துக்குக் கீழே சைக்கிளைப் பூட்டிப் போட்டுவிட்டு, பெட்டியோடு ரிக்‌ஷா. சாம்பிள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

புதுச் செயின் பாண்டி அண்ணன் போட்டுத் தந்தார். "மிதிக்கிறத ஒரு நொடி விட்டுட்டுக் கியர மாத்து தாயி. சண்டைக்குப் போற மாதிரி மாத்தாத."

ஜூலை 11, வெள்ளி

சுரேஷ் லேப் வாசலில் பிடித்துக்கொண்டான். "அக்கா, என் சைக்கிள் எடுத்து செயின் தோட் தியா, அறுத்துட்டியா? அரே, கேட்டுட்டு எடுக்க மாட்டியா?"

"ஒன் அப்பன் வாங்கித் தந்ததா, லே? லேப் சைக்கிளு."

"சார்கிட்ட சொல்றேன் பார்."

"சொல்லு. மேட்டுல ஏறுச்சுன்னும் சேத்துச் சொல்லு."

சொன்னான். முதல் பாதியை மட்டும்.

ஜூலை 12, சனி

வெ. சார் ஒரு பேப்பரை நீட்டினார். ஆங்கிலத்தில் டைப் அடித்து ரெடி. ஹப் மோட்டார் எல்லா ரூட்டிலும் திருப்தி. மிட் டிரைவில் செயின் அறுகிறது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"செயின் அறுந்தது நெசந்தான் சார். மேட்டுல ஹப்பு நின்னு போறதும் நெசம். அது எங்க?"

"எல்லாத்தையும் எழுத முடியுமா? கையெழுத்தைப் போடு."

"நீங்க ஒரு நாளு அந்த மேட்டுல ஓட்டிட்டு வாங்க சார். வந்து நீட்டுங்க, போடுதேன்."

பேப்பரை மேசையில் வைத்துவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "திங்கக்கிழமை வரேன்" என்றார்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கையெழுத்துதான? போட்டுட்டு வரவேண்டியதுதான. வேலை போச்சுன்னா?" அதுவும் கவலைதான்.

ஜூலை 14, திங்கள்

வந்துவிட்டார். இஸ்திரி போட்ட பேண்ட், ஷூ, என் ஹப் சைக்கிளில் அவர். நான் பாண்டி அண்ணனிடம் இரவல் வாங்கின ஓட்டைச் சைக்கிளில் பின்னால்.

சமதளத்தில் உற்சாகம். "பார், எவ்வளவு நன்னாப் போறது!" கீழே நாலு வீடு முடித்தோம், பெட்டியில் சாம்பிள். மேடு வந்தது. வேப்பமரத்துக்கு முன்னாலேயே மோட்டார் நின்றது. மிதித்துப் பார்த்தார். முடியவில்லை. இறங்கித் தள்ளினார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பேண்டில் சேறு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க வேண்டியதில்லை, ரொம்பச் சந்தோஷம்.

அப்புறம் அவர் நின்றார். நெஞ்சில் கை வைத்தார். ஐம்பத்தாறு வயது. முகம் வெளுத்திருந்தது. என் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் அவர் கேரியரைப் பிடித்துத் தள்ளினேன். அவருக்காக இல்லை. பெட்டிக்காக. இருவரும் தள்ளிக்கொண்டே மேலே போனோம்.

மேலே படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "தினமும் இப்படித்தானா?"

"ஒம்பது வருசமா, சார்."

பாட்டிலை மூடிக்கொண்டே, "என் மச்சினன் ரெண்டு மோட்டாரும்தான் விக்கறான். எது வாங்கினாலும் எனக்கு ஒண்ணும் இல்லை. டாக்டர் மேடம்தான் செலவு கம்மியாப் பாருன்னா."

சரி. என் சந்தேகம் பொய். அதற்காகக் கோபம் குறையவில்லை. டாக்டர் மேடம் லேப் முதலாளி, அவர் மேட்டைப் பார்த்ததில்லை. இவர் போய்ச் சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் இல்லையா?

ஜூலை 15, செவ்வாய்

புது ரிப்போர்ட், நான் சொல்லச் சொல்ல வெ. சார் டைப் அடித்தார். ஹப்: சமதளத்துக்கு நல்லது, மேட்டில் நிற்கும், பங்சர் ஆனால் வெளியே யாரும் கை வைப்பதில்லை. மிட் டிரைவ்: மேட்டுக்கு நல்லது, செயின் தேயும், ஓட்டக் கற்றுத்தர வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

முழங்கால் வீக்கம் வடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

கொட்டுகிறது. ரயில் லேட், பாதிப் பேர் லேட்.

மேடம் முடிவு சொல்லிவிட்டாராம். ஐந்து சைக்கிளுக்கு ஹப். இருக்கிற ஒரே மிட் டிரைவ் அப்படியே இருக்கட்டும்.

"சரி சார். சாவி?"

வெ. சார் பேனாவை மூடினார், திறந்தார். "அது சுரேஷ்கிட்டயே இருக்கட்டும் இசக்கி. அவனுக்கு அது பழகிடுத்து. நோக்கும் ஹப் பழகிடுத்தோன்னோ."

சுரேஷ் சிரித்தான்.

கத்துவேன் என்று நினைத்திருப்பார்கள். கத்தவில்லை. சுவரில் தொங்கும் ரூட் சார்ட்டை எடுத்து மேசையில் போட்டேன்.

"சரி சார். மோட்டாரு சுரேஷுக்குன்னா மேடும் சுரேஷுக்குத்தான். நாளையிலருந்து அவன் மலைக் காலனி. நான் மாட்டுங்கா, சயான். எனக்கு ஹப்பு போதும்."

சுரேஷ், "அரே சார், யே க்யா..." என்று ஆரம்பித்தான். சார் அவனைப் பார்க்கவில்லை. சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஏறினது ஞாபகம் வந்திருக்கும். என்னை மறுக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தேடினார், தேடுவது தெரிந்தது.

"சுரேஷ், நீ மேட்டு ரூட் போறியா?"

"நஹீ சார். காலைல அஞ்சு மணிக்கு அங்க கோன் ஜாயேகா, யார் போவா?"

"அப்போ சாவியைக் குடு."

சுரேஷ் சாவியை மேசைமேல் எறிந்தான். அது வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முழங்கால் விடவில்லை. நின்றேன். யாரும் அசையவில்லை. கடைசியில் வெ. சார்தான் குனிந்து எடுத்து நீட்டினார். தேங்க்ஸ் எதிர்பார்த்தார். சொல்லவில்லை.

நாளைக்கு: செயின் எண்ணெய், மலைக் காலனியில் ஏழு பேர்.