ஒரு பக்கம் வரும் வழி

3 மார்ச் 2025, திங்கள்

எங்கள் எல்லிங்ஸ்ருட் நிலையத்தில் ஒரு ரயில் முந்தியே ஏறிவிட்டேன். முதியோர் இல்லத்தில் வருடக்கணக்காக ஆட்களைத் தூக்கி முதுகு போன பிறகு, நாற்பத்தாறு வயதில் புரோகிராமிங் படித்தேன். இன்று ஒரு சின்ன நொர்வீஜிய நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்குப் பெற்றோர் பதிவு செய்யும் இணையத்தளத்தை நடத்துகிறார்கள். வேலை தருவதா என்பதை ஜூனில் சொல்வார்களாம்.

பக்கத்து மேசையில் இந்திரா, கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறாள்.

5 மார்ச்

இன்று தளத்துக்கு வரும் ஒரு கோரிக்கையின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒரு தாய் "என் பக்கம்" என்பதை அழுத்துகிறாள். சர்வர் அதை வாங்கி ஃபிரேம்வொர்க் என்ற அடிப்படை நிரல்தொகுப்பிடம் கொடுக்கிறது. உள்ளே அடுக்கடுக்காகச் சோதனைகள். ஓர் அடுக்கு, "ஆர் இவர்?" என்று பார்க்கிறது. பிறகு, கேட்ட முகவரிக்கு எந்த ஃபங்ஷன், அதாவது எந்த நிரல்துண்டு, பதில் சொல்ல வேண்டும் என்று முடிவாகிறது. அது தரவுத்தளத்திலிருந்து பிள்ளையின் பெயரை எடுத்து, வெற்றுப் பக்க அச்சில் நிரப்பிப் பக்கமாக்குகிறது. பக்கம் அதே அடுக்குகளைத் தாண்டித் திரும்பிப் போகிறது. கண் மூடித் திறக்க முதல் இவ்வளவும்.

வீட்டில் என் மனுசனிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "நீர் இப்பிடிக் கதைச்சு நான் கனகாலம் கேக்கேல்லை" என்றார்.

10 மார்ச்

ஐயோ. ரொம்மன் பக்கத்திலை இருந்து ஒரு தாய் எங்களுக்கு ஃபோன் எடுத்தா. தன்ரை பக்கத்தைத் திறக்க வேறை ஆரோ பிள்ளையின்ரை பேரும் வீட்டு விலாசமும் வருதாம். ஆபத்துக்குப் பயந்து விலாசத்தை ஒளிச்சு வாழுற குடும்பங்களும் எங்கடை தளத்திலை இருக்கினம் — அவையின்ரை விலாசம் வெளியிலை போனால்?

மேலாளர் மாரித் உடனே தளத்தை மூடச் சொன்னா. வியாழன் புதுப் பதிவு தொடங்க வேணும். அதுக்குள்ளை பிழை பிடிபடாட்டி நீச்சல் வகுப்பு நடத்துற ஆக்களோடை இருக்கிற ஒப்பந்தம் போயிடுமாம். பிறகு எனக்கு எங்கை வேலை?

11 மார்ச்

கண்டுபிடிச்சிட்டம்!

காலை முழுக்க எல்லோரும் தரவுத்தளத்தைத் தோண்டினோம். அங்கே ஒரு பிழையும் இல்லை. தரவு சரி, பக்கம் பிழை — அப்படியென்றால் அந்தக் கோரிக்கை தரவுத்தளம் வரை போனதா? சர்வரின் நடவடிக்கைப் பதிவுகளைப் பார்த்தோம். போகவே இல்லை. பாதி வழியில் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

தளம் வேகமாகட்டும் என்று போன வாரம் ஓர் அடுக்கைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒருமுறை செய்த பக்கத்தைச் சேமித்து, அடுத்து அதையே கேட்பவருக்குக் கொடுக்கும் அடுக்கு. அதை, "ஆர் இவர்?" என்று பார்க்கும் அடுக்குக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். ஆளே தெரியாமல், முதலில் கேட்டவரின் பக்கத்தை அடுத்தவரிடம் நீட்டியிருக்கிறது.

"இந்திரா, இதை இடம் மாத்திப் பாப்பமோ?"

"மாத்தினா மட்டும் பத்தாதுக்கா. பர்சனல் பக்கத்தை சேவ் பண்ணவே கூடாதுன்னு சொல்லணும். ஏற்கனவே இருக்கறதையும் அழிக்கணும்."

அவள் சொன்னதுதான் சரி. இருவருமாகச் செய்தோம். ஆளுக்கொரு கணக்கில் நுழைந்து மாறி மாறித் திறந்தோம். அவளுடையது அவளுக்கு, என்னுடையது எனக்கு. சந்தோஷத்துக்காக மட்டும் இன்னொருமுறை திறந்து பார்த்தேன்.

12 மார்ச்

மாரித்துக்கு நொர்வீஜிய மொழியில் விளக்கினேன். சொல் தடுமாறியபோது பலகையில் படம் கீறிக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "பக்கம் மாறிப் போன குடும்பங்களுக்கும் நீங்களே சொல்லுங்கள்" என்றா.

விலாசம் வெளியே போன தகப்பனுடன்தான் முதலில் ஃபோனில் கதைத்தேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். விலாசத்தை ஒளித்து வாழ்பவர்களா என்றும் கேட்டேன். "நாங்கள் ஒளிஞ்சிருக்கிற ஆக்கள் இல்லை. நல்ல காலம்" என்றார். அடுத்த குடும்பத்தின் எண்ணை அழுத்தினேன்.

13 மார்ச்

பதிவு திறந்தது. கூட்டமாக வந்தார்கள். தளம் தாங்கியது.

13 ஜூன், வெள்ளி

"நாளைக்கு வெயிலாம். சோங்ஸ்வான் ஏரிக்குப் போவமோ?" என்று இவர் கேட்டார்.

"ஓம். ஆனால் என்ரை லாப்டொப்பும் வரும்."

"ஏனப்பா?"

"வேலை கிடைச்சிட்டுதெல்லே. இந்தக் கிழமை முழுக்கத் தளத்துக்குப் பொறுப்பு நான்."