கழுத்தில் கயிறு இருந்தால்

1964

ஜூலை 28

ஆடிக் காற்று ஷெட்டுக்குள் புழுதியை அள்ளிக் கொட்டுகிறது. தைத்து வைத்த வெள்ளைச் சட்டைகள் மேல் பழைய வேட்டியை விரித்துக் காப்பாற்றினேன். எல்லாம் கப்பல் சரக்கு. போடப்போகிற துரை யாரோ, அவன் கழுத்துக்காக இங்கே இத்தனை பெண்கள் கழுத்து ஒடியக் குனிந்து கிடக்கிறார்கள். காலர் தைப்பதில் பொன்னழகுக்கு ஈடு இல்லை. வாயும் அப்படித்தான். "மேஸ்திரி ஆனதுல இருந்து சிரிக்கிறதையே விட்டுட்டீகளேக்கா" என்றாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தால் வேலை யார் வாங்குவது?

ஆகஸ்ட் 3

நேற்று ஆடிப் பதினெட்டு. எல்லோரும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தங்கச் சங்கிலிக்கு வழியில்லாதவர்களுக்கு அந்த மஞ்சள் கயிறுதானே எல்லாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது, பொய் சொல்வானேன். என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்ததிலிருந்து என் கழுத்தில் ஜெபமாலை மட்டும்தான்.

சாயங்காலம் சட்டைகளை மடிக்கும்போது பார்க்கிறேன் — காலரில், பையில், முன்பக்கத்தில், எங்கும் மஞ்சள். குனிந்து தைக்கையில் வேர்வையில் நனைந்த கயிறு துணியில் உரசியிருக்கிறது. மாதாவே.

ஆகஸ்ட் 4

பயத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தோம். முதலாளி வருவதற்குள் சோப்பு போட்டுக் கசக்கினோம். மஞ்சள் அப்படியே சிவந்துவிட்டது. சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று தெரியாத பெண் உண்டா? அந்த நேரத்தில் ஒருத்திக்கும் புத்தி வேலை செய்யவில்லை, எனக்கும்தான்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யாரு கயித்துல பட்ட கறைன்னு சொல்லுங்க செபாஸ்தியம்மா. அவளை அனுப்பிட்டு மத்த வேலையப் பாப்போம்." பொன்னழகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மிஷினில்தான் கறை அதிகம். எல்லார் கயிறும்தான் ஐயா என்றேன்.

ஆகஸ்ட் 6

நல்ல தண்ணீரில் அலசி அலசி வெயிலில் போட்டோம். கறை வெளுத்தேவிட்டது. மெட்ராஸ் ஏஜென்ட் வந்து புரட்டிப் பார்த்து, மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். தப்பித்தோம்.

ஆகஸ்ட் 7

தப்பிக்கவில்லை.

வாசலில் பலகை அடித்து, வரிசையாக ஆணி. உள்ளே வரும்போது தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டுமாம். போகும்போது எடுத்துக்கொள்ளலாமாம். குடையைச் சொல்வது போலச் சொல்கிறார். "நீங்க கயிறு இல்லாத ஆளு, நீங்களே நின்னு பாருங்க. கழுத்துல கயிறு இருந்தா உள்ள விடாதீங்க."



ஆகஸ்ட் 8

நின்றேன். ஒருத்தியும் கழற்றவில்லை. பொன்னழகு முந்தானையால் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு உசுரோட இருக்காருக்கா. நான் எப்படிக் கழட்டுவேன்?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. நான் கதவைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 10

முதலாளியிடம் போய்க் கேட்டேன். வெட்டிப்போட்ட துணியில் பட்டி தைத்துக் கயிற்றின் மேல் சுற்றிக்கொள்ளட்டும், கறை படாது என்றேன். வேலை நேரத்தில் இல்லை, நான் வீட்டில் வைத்துத் தைத்துக் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன். சிரித்தார்.

"கயிறு போனாலும் மத்தது போகுமா? பிள்ளைக்குக் காய்ச்சல்ம்பா, மாமியாளுக்கு முடியலைம்பா. குஜிலியம்பாறைப் பக்கம் மழையே இல்ல. கல்யாணமாகாத வயசுப் பிள்ளைக சும்மா கெடக்குதுக. பாதிக் கூலிக்கு வரும், ஷெட்டுலயே படுத்துக்கிடும்."

அப்படியானால் கறை ஒரு சாக்கு. இந்த எண்ணம் அவருக்கு எப்போதிருந்து? நான் எதற்குச் சோப்பு, வெயில் என்று செத்தேன்?

ஆகஸ்ட் 11

வேலையை விட்டுவிடலாம். விட்டால் மகளின் பள்ளிக்கூடம்? விடவில்லை. ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17

புதுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தகரப் பெட்டியும் கையுமாக. ஒன்றுக்கும் இன்னும் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. சின்னக்கண்ணு என்று ஒருத்தி, "இங்க மூணு வேளையும் சோறு உண்டாக்கா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். பழைய பெண்களுக்கு முதலாளி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 5

பிள்ளைகளை விடியும் முன்னே எழுப்பி, விளக்கு வைத்த பிறகும் தைக்க வைக்கிறார். ஒரு பிள்ளை மிஷின் மேலேயே தூங்கி, ஊசி விரலில் இறங்கிவிட்டது. "சட்டையில ரத்தம் படலையே?" என்பதுதான் முதலாளி கேட்ட முதல் கேள்வி. வாசல் சாவி என்னிடம். நான் இப்போது மேஸ்திரியா, சிறைக் காவலா?

வீட்டுக்கு வரும் வழியில் வெங்காய மண்டி வாசலில் பொன்னழகைப் பார்த்தேன். சாக்கில் உட்கார்ந்து சருகு நீக்கிக்கொண்டிருந்தாள். காணாதது போலப் போய்விடப் பார்த்தேன். "சாப்டீகளாக்கா?" என்று அவளே கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 24

பிள்ளைகளை ஒரு மணி நேரம் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் பார்க்கக் கூட்டிப்போக முதலாளியிடம் கேட்டேன். முடியாது.

1965

மார்ச் 1

மாசித் திருவிழா என்று ஊருக்குப் போயிருந்த சின்னக்கண்ணு இன்று காலை திரும்பி வந்தாள். வாசலில் வழக்கம் போலக் கழுத்தைப் பார்த்தேன். வெறும் கழுத்து. ஆனால் சுற்றிலும் மெல்லிசாக மஞ்சள் கோடு.

என்னடி இது என்றேன், மெதுவாக.

"கட்டி வச்சிட்டாகக்கா. மாமா பையன்தான்." அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "பஸ் ஏத்திவிடும்போது அவரே கழட்டிக் குடுத்துட்டாரு. வேலை போயிட்டா ரெண்டு பேருக்கும் கஞ்சி இல்லைன்னுட்டாரு."

இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினாள். "பெட்டியில வச்சா பிள்ளைக பாத்துரும். நீங்க வச்சிருங்கக்கா."

உள்ளே முதலாளி இருமுகிற சத்தம். வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். முந்தானையை நனைத்து அவள் கழுத்தைத் துடைத்துவிட்டேன். எல்லாம் சரிதானா என்று முதலாளி கேட்டார். சரிதான் ஐயா என்றேன்.

நாளெல்லாம் அது என் இடுப்பிலேயே இருந்தது. கையில் ஒரு வேலையும் ஓடவில்லை. இப்போது என் பெட்டியில், மகளின் பள்ளிக்கூடத்துத் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவள் புருஷன் பார்க்க வருவானாம். அன்றைக்கு வாசலில் அரை மணி நேரம் அவளுக்குக் கட்டிக்கொள்ளக் கொடுக்க வேண்டும்.