கால் இல்லாத பலகை

அருவங்காடு,
டிசம்பர் 2

அன்பு மகள் ஜெனிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

கர்த்தருடைய தயவால் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் இடுப்பைத் தவிர. நீயும் அந்த ஹவாய்த் தீவில் சளி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இடுப்பு என்றதும் பதறாதே. எலும்பு எதுவும் உடையவில்லை, குன்னூரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகிவிட்டது, வெறும் அடிதான், கொஞ்ச நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி அடிபட்டது என்று அவர் கேட்டார். உன் அப்பா சுவரைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன், கடைசியில் கூட வந்த பக்கத்து வீட்டுப் பாண்டியராஜ் அண்ணன், "சர்ஃபிங் பண்றப்ப உளுந்துட்டாருங்க டாக்டர்" என்று போட்டு உடைத்துவிட்டார். எந்த ஊரில் என்று டாக்டர் கேட்டார். இங்கேதான் மலைமேல், சோலூரில் என்றோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவியையே முறைத்துக்கொண்டிருப்பார், காது மட்டும் என் பக்கம் இருக்கும். அதனால்தான் கடிதம்.

ஈஸ்டர் அன்று நீ வீடியோவில் கனோவாவைக் காட்டி, இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன், ஜனவரியில் கூட்டிக்கொண்டு வருகிறேன், முறையாக வந்து பெண் கேட்பார் என்று சொன்னாய். பையனுக்கு என்ன வேலை என்று அப்பா கேட்டதற்கு, அந்தத் தீவின் பழைய முறைப்படி ஒற்றை மரத்தில் அலைப்பலகை செய்கிறார், அதன்மேல் ஏறி நின்று அலையில் போவார்கள் என்றாய். பையனும் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தூக்கிக் காட்டினான். காலமெல்லாம் ஃபேக்டரியில் தச்சு வேலை பார்த்து ரிட்டையரான மனுஷன் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும். "இதுல ஜாயிண்டு எங்க? காலு எங்க? ஒரு பலகைய எடுத்து ஓரத்தை உருட்டி உட்டா அது தச்சு வேலையா? நான் ஒரே வாரத்துல செஞ்சு போடுவேன்." நீயும் மூக்கை விடைத்துக்கொண்டு, செய்து காட்டிவிட்டு அப்புறம் அவரைப் பேசுங்கள் என்று போனை வைத்துவிட்டாய். நீ அவருடைய மகள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அன்றிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை, நீயும் போனை அப்பாவிடம் கொடு என்று கேட்பதில்லை, நடுவில் நான் ஒருத்தி இரண்டு பக்கமும் நல்லவளாக இருந்து சாகிறேன். ஜனவரியில் யாரும் இங்கே வரவேண்டியதில்லை என்று அவர் சொன்னதை உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். இந்த வீட்டில் கனோவா என்ற பெயரே கிடையாது, பலகைக்காரன் என்றுதான் பேச்சு. இருப்பது ஒரே பிள்ளை, அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக அப்பன் வரமாட்டானோ என்று நான் எத்தனை நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன் என்பது எனக்கும் அடுப்புக்கும்தான் தெரியும்.

ஆனால் நீ போனை வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மறுநாளே கட்டிலுக்கு அடியிலிருந்து என் ஷோகேஸை வெளியே இழுத்துவிட்டார். ஷோகேஸ் என்றால் இன்னும் ஷோகேஸ் ஆகாத பலகை. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் காற்றில் விழுந்த பெரிய சீகை மரம், பிளாக்வுட் என்பார்களே, அதை மில்லில் அறுத்து வாங்கி வந்து, உனக்குக் கண்ணாடி போட்ட ஷோகேஸ் செய்து தருகிறேன் மெட்டில்டா என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்தான். நானும் அதற்கென்று வாங்கிய பீங்கான் கோப்பைகளை இன்றுவரை அட்டைப்பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். இதைப் போய் எடுக்கிறீர்களே என்றேன். அந்தப் பலகைக்காரன் வைத்திருந்த மரத்தின் ரேகையும் இதன் ரேகையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது, போனில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்றார். ஆளைப் பார்க்கவே இல்லை, மரத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

ஆகஸ்டில் நான் உன்னிடம் பலகையின் அளவு கேட்டு, எதற்கு என்று நீ கேட்டதும் சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று மழுப்பினேனே, அது அவர் பக்கத்தில் நின்று தாளில் எழுதிக் காட்டிக் கேட்க வைத்தது. நீளம் ஆளைவிடக் கொஞ்சம் அதிகம், முன்பக்கம் வட்டம், பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல நேர், தடிமன் கட்டைவிரல் அளவு என்று கனோவா சொன்னதாகச் சொன்னாய். கூடவே அவன் வேலை செய்கிற வீடியோவும் அனுப்பினாய். அதில் மரத்தை வெட்டும் முன் அடியில் ஒரு சிவப்பு மீனை வைத்து ஜெபம் பண்ணுகிறார்கள் அல்லவா, வந்தது வினை. டிராயிங்கில் இருப்பதில் பாதியைச் செய்துவிட்டு மீதியை விட்டால் அது என்ன வேலை என்று சொல்லிவிட்டு, குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய் சிவப்பாக ஒரு சங்கரா மீன் வாங்கி வந்தார். மரம் வெட்டிப் பல வருஷம் ஆயிற்று, இனி அடிமரத்துக்கு எங்கே போவது? பலகையைத் தூக்கி நிறுத்தி, அதன் காலடியில் தட்டில் மீனை வைத்து, கண்ணை மூடிப் பரமண்டல ஜெபம் சொன்னார். எனக்குப் பகீர் என்றது, இது விக்கிரக ஆராதனையில் சேருமா என்று ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். மீனை அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். குழம்பு வைத்தேன் என்றேன். "அப்ப சாப்பாட்டு ஜெபந்தானுங்க சிஸ்டர், கொஞ்சம் முன்னாடியே பண்ணிட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் என்று சொன்னவர் ஐப்பசி மழை முடியும்வரை அதோடு கிடந்தார். ஓரத்தை இழைத்தால் நடு மேடாகிறது, நடுவை இழைத்தால் முனை தூக்குகிறது, அடிப்பக்கம் லேசாக வளைந்திருக்க வேண்டுமாம், அந்த லேசு எவ்வளவு என்று எந்த அளவுகோலிலும் இல்லை. மேசை என்றால் நாலு காலும் தரையில் படுகிறதா என்று பார்த்தால் போதும், இது எங்கே சரி, எங்கே தப்பு என்று கேட்டுச் சொல்ல ஒரு மூலைகூட இல்லை. இழைப்புளியை வைத்துவிட்டுப் பலகையின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருப்பார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து என் போனை எடுத்து அந்தப் பையனின் வீடியோவைப் பார்ப்பார், அலையில் போவதை இல்லை, அவன் பலகையைத் தடவிப் பார்க்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப. ஒருநாள் தன்னை அறியாமல், "கை நல்ல கை" என்றார். யாருக்குங்க என்றேன். உடனே, உப்புத்தாள் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

கறுப்புச் சாயத்துக்கு அவர்கள் ஏதோ வேரும் கரியும் சேர்க்கிறார்களாம். இவர் நம் ஊர்ச் சாயம் போட்டார், துருப்பிடித்த ஆணியைக் காடியில் ஊறவைத்து, டீத்தூளைச் சுண்டக் காய்ச்சிய டிகாஷனோடு மாற்றி மாற்றிப் பூசினார், பலகை எருமைக் கொம்பு மாதிரி கறுத்துவிட்டது. அதன்மேல் தேங்காய் எண்ணெய். என் தலைக்கு எண்ணெய் இல்லை, பலகைக்கு மினுமினுப்பு. வெயிலில் காயவைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். சசிரேகா, அதுதான் பாண்டியராஜ் அண்ணனின் சம்சாரம், துணி தேய்க்கவா அக்கா என்றாள். சர்ச்சில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, மூடி ரெடியாயிருச்சு போலங்க, பொட்டி யாருக்குங்க என்று கேட்டார். ஒருநாள் காட்டெருமை ஒன்று தோட்டத்திலிருந்து ஏறி வந்து அதில் முதுகைத் தேய்க்கப் பார்த்தது, உன் அப்பா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அதன் எதிரில் போய் நின்றார். எனக்காக அப்படி நின்றிருப்பாரா என்பது சந்தேகம்.

போன சனிக்கிழமைதான் சோதனை. நமக்குக் கடல் எங்கே இருக்கிறது? பாண்டியராஜ் அண்ணன் சோலூரில் காரட் போட்டிருக்கும் இடத்தில், புல் சரிவுக்குக் கீழே ஒரு குட்டை இருக்கிறது, அதில் விட்டுப் பார்க்கலாம் என்று ஜீப்பில் ஏற்றிப் போனோம். குளிரும் தூறலும். உன் அப்பா குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், இடுப்பில் கட்டிய கயிற்றோடு இறங்கினார். பலகை மட்டும் அழகாக மிதந்தது, எங்களுக்குச் சந்தோஷம். அதன்மேல் இவர் ஏறினார். பலகையும் அவரும் சத்தமே இல்லாமல் ஒன்றாகக் கீழே போனார்கள். படுத்துப் பார்த்தார், குல்லா மட்டும் மேலே தெரிந்தது. ஒல்லியாக இருக்கிற பாண்டியராஜ் அண்ணன் ஏறினார், அவரும் போனார். உன் அப்பா கரைக்கு வந்தார். ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றார். அப்புறம், "முங்கற பலகைய செஞ்சிருக்கேன் மெட்டில்டா. அவனைப் போய் வாய்க்கு வந்ததச் சொன்னேன், என்னால ஒரு பலகை செய்ய முடியல. அறுத்து ஷோகேஸே பண்ணிக்கலாம்" என்றார். ஆசைப்பட்ட ஷோகேஸ் கையில் வருகிறது, எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவேண்டுமே, வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினேன்.

திரும்பி மேலே ஏறும்போது பாதிச் சரிவில் மூச்சு வாங்குகிறது என்று பலகையைப் புல்லில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எண்ணெய் ஊறிய பலகை, மழையில் நனைந்த புல், மேலே கனமான மனுஷன். ஏனுங்க என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஆள் இல்லை. சரிவில் போகிறார், போய்க்கொண்டே எழுந்திருக்கிறார். எழுந்து நின்றே போனார் என்று பாண்டியராஜ் அண்ணன் சத்தியம் பண்ணுகிறார், என்னைக் கேட்டால் அவர் பயத்தில் இறங்கப் பார்த்தார். எப்படியோ, குட்டைக்குள் போன பலகை முங்கவில்லை ஜெனிஸ்! தண்ணீரின் மேலேயே சர்ரென்று ஓடியது, அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன்மேல் போனார், எதிர்க்கரை வரைக்கும் தண்ணீர் அவரைத் தாங்கிக்கொண்டே போயிற்று. கரைக்கல்லில் முட்டி நின்ற பிறகுதான் விழுந்தார், இடுப்பு போனது அங்கேதான். நாங்கள் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினால், மனுஷன் குல்லா கண்ணை மறைக்கத் தண்ணீரில் உட்கார்ந்து சிரிக்கிறார். "பாத்தியா மெட்டில்டா, ஓடுனப்ப தாங்குச்சு! நின்னாத்தான் முங்குது! இது நிக்கறதுக்குச் செஞ்ச பலகை இல்ல, ஓடறதுக்குச் செஞ்சது. அந்தப் பையன் சொன்ன தடிமன் சரிதான்!" ஈஸ்டருக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் அந்த மழையில் நின்று, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே அழுதேன்.

இப்போது கட்டிலில் இருக்கிறார். பலகையை எதிர்ச் சுவரில் மாட்ட வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார், ஷோகேஸ் வைக்க நான் குறித்து வைத்திருந்த அதே சுவர். நேற்று எண்ணெய் தேய்த்துவிடும்போது, அந்தத் தம்பி பேரென்ன என்று கேட்டார். தெரியாதவர் மாதிரி! கனோவா என்றேன். கனோவா, கனோவா என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நம் ஊர்க் குளிர் தாங்குவானா என்றார். நான் எதையும் காட்டிக்கொள்ளாமல் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மற்றபடி, நீ முடியை வெட்டிக்கொண்டதாகப் போட்டோவில் தெரிகிறது, அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. கடலில் இறங்கினால் தலையை நன்றாகத் துவட்டு. அவனோடு சண்டை போட்டால் நீயே முதலில் பேசிவிடு, இந்த வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நான் பட்டது போதும். ஆரஞ்சுத் தோல் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துப் போகலாம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உங்கள் இருவர் கையின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்ல மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மெட்டில்டா மனுவேல்

இதை மடிக்கப் போகும்போது, இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறாய் என்று கேட்டுக் கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்துவிட்டார். குல்லா விஷயத்தை அடிக்கச் சொன்னார், அடிக்கவில்லை. பேனாவைக் கேட்டார். கீழே உள்ளது அவர் எழுத்து.

ஜெனிஸ், கால் இல்லாதது நான் ஒன்று செய்துவிட்டேன். கால் உள்ளது அந்தத் தம்பி வந்து ஒன்று செய்யட்டும். உன் அம்மாவுக்கு ஷோகேஸ், உயரம் ஆறடி, ஆணி கூடாது, எல்லாம் ஜாயிண்டு. புது மரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சிவப்பு மீனும் வாங்கி வைக்கிறேன். ஜனவரியில் இங்கே உறைபனி விழும், இரண்டு பேரும் ஸ்வெட்டர் எடுத்து வரவும். அப்பா.