பழைய சேனல் வரிசை

என்னங்க, வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார், செருப்பை மாட்டிக்கொண்டே எழுதுகிறேன். மாமாவை அரியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். பயப்படாதீங்க, நெஞ்சுவலியெல்லாம் இல்லை.

மீன்குழம்பு அடுப்பு மேல் இருக்கு, சுடவைத்துச் சாப்பிடுங்க.

புது சேனல் லிஸ்ட் கேட்டு சோரியாங்குப்பம் சுகுமார் வருவான். பென்டிரைவை உடனே தூக்கிக் கொடுக்காதீங்க. முதலில் நம்ம செட்டாப் பாக்ஸில் பழைய லிஸ்டையே திரும்ப ஏற்றுங்க. புது லிஸ்டை நீங்க அழகாகத்தான் பிரித்து அடுக்கினீங்க, ஊரே கேட்டு வாங்குது. ஆனால் நேற்று மாமா இந்திச் சேனலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு, "வேணும்னே வம்பு பண்றியாப்பா?" என்று பெற்ற அப்பா கையிலிருந்தே ரிமோட்டைப் பிடுங்கினீங்களே. நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் ராத்திரி சாப்பிடவே இல்லை.

காலையில் தனியாகக் கேட்டேன். "ஒண்ணுலேர்ந்து ஏழு தபா அழுத்துனா நியூஸ் வரும்மா. இப்ப எவனோ இந்தியில கத்துறான். நான் இன்னா பண்ணட்டும்? அவங்கிட்ட சொல்லாத, பயந்துடுவான்" என்றார்.

புவனா

பி.கு.: சுகுமார் அம்மாவுக்கும் வயசாச்சு. அவங்க எப்படி சேனல் மாற்றுறாங்கன்னு கேட்டுட்டு லிஸ்டைக் கொடுங்க.

மாமா வந்ததும் கையைப் பிடித்து இறக்குங்க. பொங்கலிலிருந்தே அவருக்குக் கண் தெரியவில்லையாம்.