இரண்டு அம்பும் கறுப்பு

ஜனவரி 19, ஞாயிறு

முழங்கால் வலி இன்றைக்குத் தேவலை. சங்கரா மீன் குழம்பு வைத்தேன். மதி தட்டைத் தொடவே இல்லை, காலையிலிருந்து படம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

காலேஜில் டிசைன் படிக்கிற பிள்ளைக்கு அதற்குள் வெளிவேலை வந்துவிட்டது. ராயபுரத்தில் பிரஸ் வைத்திருக்கும் சௌக்கத் அலி பாய் பிடித்துக் கொடுத்தார். ரோட்டுக்கு மேற்கே இருக்கிற கம்பெனிக்கு. அம்மோனியா கசிந்தால் குப்பத்துச் சனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று படமாகவே சொல்லும் போஸ்டர். என் மகன் அன்புமணி, மதியோட அப்பா, அதே கம்பெனியில்தான் காண்டிராக்ட் கூலி.

நாலு படம். ஈரத்துணியால் மூக்கைப் பொத்து. அடுப்பைப் பற்றவைக்காதே. பிள்ளைகளைத் தூக்கிக்கொள். நாலாவது, எந்தப் பக்கம் ஓடுவது. அதில் எங்கள் குப்பத்தையே மேலிருந்து பார்த்த மாதிரி போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் கம்பெனி, நடுவில் எங்கள் வீடுகள், இந்தப் பக்கம் கடல். நீல அம்பு காற்றாம், கம்பெனியிலிருந்து கடலுக்குப் போகிறது. பச்சை அம்பு நாம் ஓட வேண்டிய வழியாம், வடக்கே போகிறது.

"காலைல காத்து கடலுக்குத்தான் போவும் ஆயா. அந்தப் பக்கம் ஓடுனா கேஸும் கூடவே வரும். காத்துக்குக் குறுக்கால ஓடணும்" என்றாள்.

ஒருதரம் கொஞ்சமாகக் கசிந்ததற்கே அன்றைக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. அதிலிருந்து கம்பெனி சங்கை ஊதிப் பார்க்கிற நாளெல்லாம் எனக்குப் பயம்தான். அந்தப் பயத்துக்கு என் பேத்தி படம் போடுகிறாள். நெஞ்சு நிறைந்தது. ஆனால் பேரைக் காணோம்.

"போஸ்டர்ல வரைஞ்சவங்க பேரு போட மாட்டாங்க ஆயா."

"பேரு இல்லாம அது இன்னா படம்? போடு."

ஜனவரி 22, புதன்

போட்டுவிட்டாள். மூலையில், 'ஓவியம்: அ. மதி, எண்ணூர்'. இன்னும் பெரிசாகப் போடு என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒட்டிவிட்டார்கள். ரேஷன் கடைச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், கடைசிச் சந்தில் சர்ச் பக்கம், எங்கே திரும்பினாலும் மதி பேர்தான். அச்சில் கலர் இல்லை, எல்லாம் கறுப்பு. அதற்கென்ன என்று நினைத்தேன்.

கடைசிச் சந்து ஜெஸ்லினைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கருவாடு காயவைத்த கையோடு வந்து நின்று பார்த்தாள்.

"இன்னா யக்கா, படத்தவிட உன் பேத்தி பேரு பெருசா கீது?"

"பொறாமைப்படாதடி. படம் பிரியுதா?"

"அதெல்லாம் நல்லாவே பிரியுது. கேஸ் வந்தா கடலுக்கு ஓடணும். அதான் எம்மாம் பெரிய அம்பு போட்டுக்கீதே."

சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. இரண்டு அம்பும் கறுப்பு. காற்று அம்பு தடி. நம் அம்பு ஒல்லி.

யாராக இருந்தாலும் தடி அம்பைத்தான் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

பெருமை பேசுகிற மாதிரியே கேட்டுப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியடியில் கேட்டேன், ரேஷன் கடையில் கேட்டேன். எல்லோரும் கடல் என்றார்கள். ஒருத்தி மட்டும் வடக்கே என்றாள். வடக்கே என்ன என்றால், அங்கே அவள் தங்கச்சி வீடு இருக்கிறதாம்.

மதியிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நம்பவில்லை. ரயிலில் இருந்து இறங்கி நேராகத் தொட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

பாய்க்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"நான் நாலு கலர்லதாம்மா அடிச்சுக் காமிச்சேன். அவங்க ஆபீசுல ஒத்தக் கலரே போதும்னுட்டாங்கோ. அம்பு விசயம் எனக்குத் தோணலம்மா, அல்லா மேல ஆணையா."

கம்பெனி ஆபீசுக்கும் பேசினாள். அந்த ஆள், "கீழ எழுத்துல தெளிவா போட்டிருக்கே, படிக்க மாட்டாங்களா?" என்றானாம். அடுத்த வருசம் பார்க்கலாமாம்.

எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. நானே கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். கேஸ் வரும்போது கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பேனா?

பிப்ரவரி 5, புதன்

அன்புமணிக்குத் தெரிந்துவிட்டது. மதி ஆபீசுக்கு இன்னொரு தரம் பேசுகிறேன் என்றதும் கத்தினான்.

"வாயத் தொறந்தீங்கன்னா நாளைக்கு கேட்டுல என் கார்டு வேலை செய்யாது. தெரியுதா?"

"நைனா, சனங்க தப்பான பக்கம் ஓடுவாங்க."

"நான் உள்ளயே நிக்கறேன்டி. எனக்கு இல்லாத பயமா உனக்கு?"

பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தோசை ஆறிப் போச்சு.

பிப்ரவரி 7, வெள்ளி

சங்கு ஊதிப் பார்த்தார்கள். பரீட்சைதான் என்று தெரியும். இருந்தும் காய் நறுக்கின கத்தி கையிலிருந்து விழுந்தது. வெளியே பார்த்தால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக ஓடுகிறார்கள். கடலைப் பார்த்து. சிரித்துக்கொண்டு.

அவர்களுக்கு ஏதாவது ஆனால் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பார்கள். அ. மதி, எண்ணூர். நான்தானே போடச் சொன்னேன். பெரிசாக வேறு.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடியும் முன் பால் வாங்குகிற சாக்கில் போனேன். ரேஷன் கடைப் போஸ்டரில் பேரை நகத்தாலேயே சுரண்டினேன். பள்ளிக்கூடத்திலும். தொட்டியில் பாதி சுரண்டும்போது ஆள் வந்தது, விட்டுவிட்டேன்.

பேரைத்தான் சுரண்டினேன். அம்பை விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. என்ன பொம்பளை நான்?

பிப்ரவரி 10, திங்கள்

"யாரோ என் பேரச் சுரண்டிக்கீறாங்க ஆயா" என்றாள் மதி. அவ்வளவு கோபமா என் மேல என்று கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் என் கையையே பார்த்தாள். நகத்துக்குள் கறுப்பு மை. எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

அன்புமணி தானாகவே பேசினான். தலை துவட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி.

"உள்ள நாங்க அம்பெல்லாம் பாக்கறதில்ல. கம்பத்து மேல துணிப்பை கட்டிக்கீறாங்க. அது எந்தப் பக்கம் உப்பிகினு நிக்குதோ அதான் காத்து. அதப் பாத்துட்டுதான் ஓடணும்."

மதி மொட்டைமாடிக்குப் போனாள். கொடியில் என் ஊதாப் புடவை பறந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே வெகுநேரம் நின்றாள். இறங்கி வந்து, "அம்புன்னா போன்னு அர்த்தம் ஆயா. காத்துக்கு நான் அம்பே போட்டிருக்கக் கூடாது. கலர் இருந்தாலும் தப்புதான்" என்றாள்.

பிப்ரவரி 15, சனி

சுண்ணாம்பு கரைத்தேன். சொட்டு நீலம் வாங்கி வந்தேன். மதி தடி அம்பின் மேல் சுண்ணாம்பு அடித்து மூடினாள். காய்ந்ததும் அதே இடத்தில் ஒரு கொடி, கொடியில் பறக்கிற புடவை. நீலத்தைத் தொட்டு நாலே இழுப்பு, புடவை உயிரோடு ஆடுகிறது. இப்போது படத்தில் ஒரே அம்புதான்.

ரேஷன் கடையில் கூட்டம் கூடிவிட்டது. நான் சொன்னேன்: சங்கு ஊதினா முதல்ல கொடியப் பாரு. புடவை பறக்கிற பக்கம் ஓடாத. அதுக்குக் குறுக்கால ஓடு. ஒருத்தி, "எங்க வூட்ல லுங்கிதான் காயுது, பரவாயில்லயா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தொட்டி, பள்ளிக்கூடம் முடிந்தது. கடைசிச் சந்துக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கம்பெனி ஆள் பைக்கில் வந்து நிறுத்தினான். ஒட்டின போஸ்டரை நாசம் செய்கிறோமாம். எங்களைப் போட்டோ எடுத்தான். மதி பிரஷை வாளிக்குள் போட்டாள். நான்தான் வாளியோடு அவளை வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

பயந்துதான் வந்தேன். எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

அன்புமணி போன வேகத்திலேயே திரும்பி வந்தான். கேட்டில் கார்டு வேலை செய்யவில்லை.

மதியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

ஜெஸ்லினிடம் வாயால் சொன்னேன். உங்க சந்து போஸ்டர் தப்பு, கொடியப் பாத்து ஓடு.

"செவுத்துல ஒண்ணு கீது, நீ ஒண்ணு சொல்ற. அச்சடிச்சத நம்பறதா, உன்ன நம்பறதா? போ யக்கா, பேஜாரு பண்ணாத."

கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலை கொடியைப் பார்ப்பது. பல் விளக்குவதெல்லாம் அப்புறம்.

மார்ச் 4, செவ்வாய்

எழுத வரல.

நேத்து. தண்ணி லாரி வந்து எல்லாரும் குடத்தோட நின்னோம். மூக்குல ஊசி குத்தின மாதிரி. சங்கு இன்னும் ஊதல. ஒருத்தி "அய்யோ கேஸ்"னா. கண்ணுல தண்ணி கொட்டுது. அப்போ — இத நான் கண்ணால பாத்தேன் — அத்தன பொம்பளைங்களும் ஒண்ணா தலையத் தூக்கி மாடியப் பாத்தாங்க. புடவைங்க எல்லாம் கடலப் பாத்துப் பறக்குது. "குறுக்கால, குறுக்கால"ன்னு யாரோ கத்துறாங்க. முந்தானைய நனைச்சு மூக்குல வச்சிகினு வடக்கே ஓடினோம். அன்புமணி என்னை முதுகுல தூக்கிகினான். மதி ரெண்டு கையிலயும் எதிர்வூட்டுப் பிள்ளைங்க.

காத்திவாக்கம் ஸ்டேஷன்ல வந்து ஆள் பாத்தோம். எங்க தெரு இருக்கு. தொட்டித் தெரு இருக்கு.

கடைசிச் சந்து இல்ல.

கடலுக்கு ஓடியிருக்காங்க. ஜெஸ்லினும். போட்ல ஏறிட்டாங்களாம். அதுக்கு மேல யாருக்கும் தெரியல. மதி ஸ்டேஷன் தரையில குந்திகினு ஒரே வார்த்தையைச் சொல்லிகினு இருந்தா. தடி அம்பு. தடி அம்பு.

மார்ச் 5, புதன்

இருக்கிறார்கள். போட்டில் போன எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில். ஜெஸ்லினுக்குத்தான் நெஞ்சு மோசம். மூக்கில் குழாய். மதி அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எழுப்பினால் எழமாட்டேன் என்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் அப்படியே. கண் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஜெஸ்லின் பேசினாள். குரல் காகிதம் கிழிகிற மாதிரி.

"கடலுக்குப் போனா சரியாப் பூடும்னுதான் ஏறினோம். உள்ள போகப் போக எரிச்சல் விடவே இல்ல. அப்பத்தான் நீ சொன்னது நெனப்பு வந்துச்சு யக்கா. தலைத்துணிய அவுத்து மேல புடிச்சேன். அது நாங்க போற பக்கமே பறக்குது. வடக்கே திருப்புடான்னு கத்தினேன். அதோட தொண்ட பூட்ச்சு."

மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் படம்தான் அத்த."

ஜெஸ்லின் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அன்புமணி இறால் பிடிக்கப் போகிறான். கம்பெனியிலிருந்து போன் வரவில்லை. வந்தாலும் போகாதே என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லவில்லை.

கம்பெனிப் பக்கம் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறேன். நேற்று குக்கர் விசிலுக்கு.

மார்ச் 23, ஞாயிறு

மதி புதுப் போஸ்டர் போட்டிருக்கிறாள். கம்பெனிக்கு இல்லை, எங்களுக்கு. சௌக்கத் அலி பாய் அவரே அடித்துத் தருகிறேன் என்றாராம். கலரே இல்லாமல், கறுப்பிலேயே போட்டிருக்கிறாள். காலேஜ் ஜெராக்ஸ் மிஷினில் மங்கலாக எடுத்து, அதை ஜெஸ்லினிடம் கொண்டுபோய் நீட்டி, ஒன்றும் சொல்லாமல் நின்றாளாம். ஜெஸ்லின் பார்த்துவிட்டு, முதலில் மாடியைக் காட்டினாளாம். அப்புறம் வடக்கே கை காட்டினாளாம்.

"சரியா வந்துடுச்சு ஆயா" என்று சொன்னாள். அதில் சந்தோசமில்லை. பரீட்சை எழுதி முடித்தவள் மாதிரி சொன்னாள்.

நான் மூலையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். பிறகு என் நகத்தைப் பார்த்தாள்.

"பேரு போடட்டா, வேணாமா ஆயா? நீயே சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். வெளியே கொடியில் ஊதாப் புடவை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. அப்படி இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

"போடு" என்றேன். "சின்னதா."

எழுதிக் காட்டினாள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. போதும்.