திறந்திருந்த படலை

11 மே, ஞாயிறு

கையேடு இன்று நிறைவுற்றது. பன்னிரண்டு பக்கங்கள், பதினேழு விதிகள்: "இங்கிலாந்தின் குன்றுத் தடங்களில் மிதிவண்டி செலுத்தும் மகளிர்க்கான கையேடு." பிரெஞ்சுத் தலைநகரில் நம்மவர் கூடும் இந்த லா சப்பலில் இதை எழுத வேறு ஆளில்லை என்பதைத் தன்னடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

சவுத் டவுன்ஸ் குன்றுகளைப் பற்றிய ஆங்கில வரைபடங்கள், அறிவித்தல்கள் அனைத்தையும் அகராதி துணையுடன் வாசித்து முடிக்க நான்கு மாதம் சென்றது. நடைபாதையில் மிதிவண்டி செல்லலாகாது. குதிரைத்தடத்தில் செல்லலாம், ஆனால் குதிரைக்கு வழிவிட வேண்டும். நல்ல, தெளிவான விதிகள். ஒன்றை மட்டும் திருத்தினேன். வேலிப் படலைகளை "இருந்தவாறே விட்டுச் செல்க" என்று எழுதியிருக்கிறார்கள். திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி. இது என்ன விதி? முன்னால் போனவர் சோம்பேறி என்றால் பின்னால் வருபவரும் சோம்பேறியாக வேண்டுமா? கால்நடை நிற்கும் இடத்தில் படலை இருப்பது சாத்துவதற்கே. என் கையேட்டின் ஏழாம் விதி: "எந்தப் படலையையும் சாத்திக் கொளுவிய பின்னரே அகல்க."

மாலையில் கால்வாய்க் கரையால் செவ்ரான் வரை போய்த் திரும்பினேன். முப்பது கிலோமீற்றர், நாற்பத்தாறு வயது. மூச்சு வாங்கவில்லை. பூங்கா மேட்டில் சிறிது வாங்கியது.

18 மே, ஞாயிறு

குழுக் கூட்டம். ஜூலையில் நம் ஒன்பது பெண்களும் இரண்டு நாள் மிதிவண்டிப் பயணமாக இங்கிலாந்து செல்வது உறுதி. யார் வழிநடத்துவது என்பதே கேள்வி. சங்கத் தலைவர் சாந்தன் அண்ணைக்கு அங்கேயே ஒரு வழிகாட்டியை அமர்த்த விருப்பம். நான் எழுந்து நின்று கையேட்டை மேசையில் வைத்தேன்.

"எழுத்தெல்லாம் வடிவாத்தான் இருக்கு, சிவாஜினி. நீர் முதலிலை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாரும். ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் இல்லாமல் திரும்பினால் நீர்தான் முன்னுக்கு. இல்லாட்டி அந்த வெள்ளைக்காரன்."

"முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுக்குப் பின்னாலை நான் ஏன் மலை ஏறவேணும்? நான் மரக்கறிக் கடையிலையே இருப்பன்" என்றார் ஜெகதீஸ்வரி அக்கா. ஐம்பத்தெட்டு வயது. கியர் மாற்ற இவ்வருடம்தான் பழகினார், நான் பழக்கினேன்.

இது எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இங்கே மட்டும் எழுதலாம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிரெஞ்சைப் படிவங்களிலிருந்தும் ஆங்கிலத்தை வரைபடங்களிலிருந்தும் நானே கற்றேன். ஒபர்வில்லியே களஞ்சியத்தில் இருபது வருடமாகப் பிறர் சொன்ன பெட்டியைப் பிறர் சொன்ன இடத்தில் வைக்கிறேன். இரண்டு நாளாவது, நான் சொல்லும் வழியில் ஆட்கள் வரவேண்டும்.

"இங்கிலாந்துக்காரனுக்கு இங்கிலாந்தைக் காட்டப் போறா" என்று என் கணவர் பருப்பைக் கிளறியபடி சொன்னார். பெருமையாகச் சொன்னார் என எடுத்துக்கொண்டேன்.

7 ஜூன், சனி

பின் பிரேக்கின் தேய்ந்த பட்டைகளை மாற்றினேன். நானே.

21 ஜூன், சனி. குன்றடி விடுதியில்

நேற்று தியெப்பிலிருந்து கப்பலேறி நியூஹேவன் வந்தோம். உடன் வந்தவள் லக்ஷனா. குழுவில் இளையவள், செவ்ரானில் பிறந்தவள், இருபத்து நான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

என்ன தடம் இது! சுண்ணாம்புக் கல் வெட்டிய வெள்ளைப் பாதை, இருபுறமும் ஆடு மேய்ந்து கட்டையாக்கிய புல், இடப்பக்கம் கீழே கடல். யாழ்ப்பாணத்தில் மிதிவண்டி ஓடிய எவருக்கும் ஏற்றம் என்றால் என்னவென்று தெரியாது. நான் இன்று நான்கு ஏற்றங்களையும் இறங்காமல் ஏறினேன். லக்ஷனா ஒன்றில் இறங்கினாள்; சிக்கிமுக்கிக் கல் குத்திச் சில்லில் காற்றுப் போனது என்றாள். காற்றுப் போயிருந்தது உண்மைதான்.

கடும் வெயில். நண்பகலில் ஒரு படலை அகலத் திறந்து, நீலக் கயிற்றால் வேலியோடு கட்டப்பட்டுக் கிடந்தது. எவ்வளவு அலட்சியம்! அவிழ்த்துச் சாத்திக் கொளுவினேன். கயிற்றால் மேலதிகமாக ஒரு முடிச்சும் இட்டேன்.

"யாரோ வேண்டுமென்றே கட்டி வைத்திருக்கிறார்கள் போல, அன்ரி" என்றாள் லக்ஷனா, பிரெஞ்சில்.

"ஏழாம் விதி, பிள்ளை."

"அது நீங்கள் எழுதிய விதி."

"ஆகவேதான் சரியாக இருக்கிறது" என்றேன்.

22 ஜூன், ஞாயிறு. கப்பலில்

படலைக்கு ஒரு பக்கம் புல். மறு பக்கம் தண்ணீர்த் தொட்டி. அந்தக் குன்றில் வேறெங்கும் தண்ணீர் இல்லை. ஆடுகள் போய்வரத்தான் திறந்து கட்டியிருந்தார்கள்.

இன்று காலை அதே வழியால் திரும்பினோம். பண்ணைக்காரி — அறுபது வயதிருக்கும் — ஒரு சிறு வண்டியில் வாளிகளோடு நின்றாள். ஆடுகள் வாளிகளை முட்டித் தள்ளிக்கொண்டு நின்றன. ஒன்று எழும்பவில்லை. பக்கவாட்டில் கிடந்தது, வாய் திறந்தபடி.

"யாரோ பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நேற்றிலிருந்து இவற்றுக்குத் தண்ணீர் இல்லை" என்றாள். "நாயோடு உலாவ வரும் நகரத்து ஆட்களாக இருக்கும். உங்களைப் போன்ற மிதிவண்டிக்காரர் இப்படிச் செய்வதில்லை."

நான் வாளி தூக்க உதவினேன். "மிகவும் வருந்தத்தக்கது" என்றேன். வருந்தத்தக்கது! அதற்கு நல்ல ஆங்கிலச் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னன். வேறை ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் பூட்டினனான் எண்டு சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? வாய் வரேல்லையே. என்ன பொம்பிளை நான்?

லக்ஷனா என்னைப் பார்த்தாள். இப்போது மேல்தளத்தில் தனியாக நிற்கிறாள்.

எங்களைத் தவிர எவருக்கும் தெரியாது. ஒரு கரைச்சலும் இல்லாமல் திரும்பியாயிற்று. ஜூலையில் நான்தான் முன்னுக்கு.

24 ஜூன், செவ்வாய்

கையேட்டில் ஏழாம் விதியை வெட்டினேன். இது போதாது என்பது எனக்குத் தெரியும்.

26 ஜூன், வியாழன்

பண்ணையின் பெயர் படலையில் பொறித்திருந்தது. விலாசம் கண்டுபிடிக்க இலகு. இரண்டு நாட்களாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கங்கள், குறைசொல்ல முடியாத வாக்கியங்கள். வேலை முடிந்து வரும் லக்ஷனாவைக் கார் து நோர் ரயில் நிலைய வாசலில் மறித்து வாசிக்கக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். தமிழில் தொடங்கினாள்.

"அன்ரி, நாலு பக்கத்திலை மூண்டு பக்கம் வெய்யிலைப் பற்றி எழுதியிருக்கிறியள். மிச்சம் ஒரு பக்கம் அந்த இடம் எவ்வளவு வடிவெண்டு. ஆடு எங்கை? நீங்கள் எங்கை?"

"சூழமைவை விளக்குவது அவசியம்..."

"இல்லை அன்ரி. அவசியமில்லை."

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் எழுதினேன்: "சனிக்கிழமை உங்கள் படலையைச் சாத்தியவள் நான். கயிற்றை அவிழ்த்துச் சாத்தினேன். மறுநாள் உங்கள் முன் நின்றும் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்." நான் எழுதியவற்றுள் அலங்காரமற்றது இதுவே. மனம் மாறுமுன் தபாலில் சேர்த்தேன்.

29 ஜூன், ஞாயிறு

கூட்டம். "எப்பிடி, கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டபடியே சாந்தன் அண்ணை என் பெயரைத் தாளில் எழுதத் தொடங்கிவிட்டார். லக்ஷனா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லாம் முடிந்திருக்கும்.

"இருந்தது அண்ணை" என்றேன்.

எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். ஏழாம் விதி உட்பட. வாளி தூக்கியது உட்பட.

ஜெகதீஸ்வரி அக்காதான் முதலில் வாய் திறந்தார். "ஆடு செத்துப் போச்சோ?"

"தெரியாது அக்கா."

அந்தப் பதிலைச் சொன்னதுதான் இன்றைய கூட்டத்தில் கடினமான பகுதி.

"சொன்ன சொல்லு சொன்னதுதான், சிவாஜினி" என்றார் சாந்தன் அண்ணை. கடுமையாகச் சொல்லவில்லை. என் பெயரை வெட்டினார். அக்கா உடனே, "அப்ப அந்த வெள்ளைக்காரனோடை நீங்களே போங்கோ" என்றார். மற்றப் பெண்களும் முணுமுணுத்தார்கள். பாதை தெரிந்தவள் லக்ஷனா இருக்கிறாளே என்றார் ஒருவர். அவள் நிலத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"போறன். ஆனால் அன்ரி கடைசியா வரோணும். கடைசியாள்தான் படலையளைப் பாக்கிறது. அன்ரி வராட்டி நானும் போகேல்லை."

கடைசியில்! நான் பழக்கியவர்களுக்கெல்லாம் பின்னால்.

சம்மதித்தேன். தலையை நிமிர்த்தியே சம்மதித்தேன்.

9 ஜூலை, புதன்

இங்கிலாந்திலிருந்து ஓர் அஞ்சலட்டை. "செவ்வாய்க்கிழமை அவள் எழுந்து நின்றாள். எழுதியதற்கு நன்றி." அவள் என்றது அந்த ஆட்டை. அவ்வளவே. தபால்பெட்டியடியில் நின்று மூன்று தடவை வாசித்தேன். ஜெகதீஸ்வரி அக்காவின் கடைக்கு ஓடிச்சென்று நான்காம் தடவை வாசித்துக் காட்டினேன்.

20 ஜூலை, ஞாயிறு. நியூஹேவன்

கடைசியில் வருபவருக்கு என்னென்ன வேலை என்பதைப் பற்றி எந்த அறிவித்தலிலும் நான் வாசித்ததில்லை. முன்னால் போகிறவளுக்குக் கடல் தெரியும். கழன்ற சங்கிலி, முடிந்துபோன தண்ணீர், பிடித்த தசை, வந்த பயம் எல்லாம் கடைசி ஆளிடம்தான் வந்து சேர்கின்றன. இரண்டு நாட்களில் இருபத்திரண்டு படலைகள். அந்தப் படலை திறந்து கட்டியிருந்தது. நான் கை வைக்கவில்லை.

இறுதி இறக்கத்தில் எல்லாரும் போய்விட்டார்கள். ஜெகதீஸ்வரி அக்கா மட்டும் மேலே நின்றுவிட்டார்.

"நான் இறங்கி நடக்கிறன், சிவாஜினி. நீ போ."

"நடக்கலாம் அக்கா. நான் போகமாட்டேன், நிற்கிறேன்."

பத்து நிமிடம் நின்றோம். அவர் பாதையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவராகவே மிதிவண்டியில் ஏறினார்.

"உடம்பைப் பின்னுக்குத் தள்ளுங்கோ அக்கா. முன் பிரேக்கை இறுக்காதேங்கோ. கண் தூரத்தில் இருக்கட்டும்."

"ஐயோ பிள்ளையாரே!" என்ற கூக்குரல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டது. ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. அக்கா விழவில்லை. கீழே கால் ஊன்றியதும் என்னைத் திரும்பிப் பார்த்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகத்தோடு, "இன்னொருக்கா ஏறுவமோ?" என்றார்.

லக்ஷனா எங்களுக்காகத் திரும்பி வந்தாள். வருகிற வருடம் நீங்கள் முன்னால் போங்கள் அன்ரி, சாந்தன் அங்கிளிடம் நான் கதைக்கிறேன் என்றாள்.

"கடைசியில் வரத் தகுதியான ஒருவரை முதலில் கண்டுபிடி, பிள்ளை" என்றேன். "பிறகு பார்ப்போம்."