பிரிக்காத இருபத்திரண்டு உறைகள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் என் இரண்டு தையல் மெஷின்களும் நலம். நீ நலமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, உன் நலம் முழுவதும் இருபத்திரண்டு மாதத் தாள்களில் அச்சாகி என் முன்னால் மேஜைமேல் கிடக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். உன் அப்பா பக்கத்து அறையில் ரேடியோ கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ரேடியோ போடவில்லை.

புதன்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சட்டை, காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன், அப்போது உன் கார்டு கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தேன் ஒழுகப் பேசினாள். உங்க பொண்ணு போன எடுக்கவே மாட்டேங்கிறாங்க மேடம், போன மாசம் மினிமம் கூடக் கட்டல, அதான் கார்ட நிறுத்தி வெச்சிருக்கோம், வேற நம்பர்னு உங்க நம்பரத்தான் குடுத்திருக்காங்க என்றாள். என் பெண் அப்படிப்பட்டவள் இல்லை, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்று நான் எகிறினேன். அவள் அசரவில்லை, உன் பிறந்த தேதியைச் சொன்னாள், ஸ்டேட்மென்ட் எல்லாம் மாசாமாசம் உங்க வீட்டு அட்ரஸுக்குத்தான் மேடம் வருது என்றாள். உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, மடித்துவைத்த சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தார். சணல் கயிறு போட்டுக் கட்டி, தேதிவாரியாக அடுக்கி, ஓரம்கூட மடங்காமல் இருபத்திரண்டு உறைகள், ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், அவ பேருக்கு வந்த தபால், அவ வந்து பிரிப்பா, நாம தொடக்கூடாது என்கிறார். முப்பத்து நாலு வருஷம் தபால் பிரிக்கும் அறையில் வேலை பார்த்தவரின் ஒழுக்கமாம். உங்கள் வீடு பற்றி எரிகிறது என்று ஒருவன் கடிதம் போட்டாலும் முகவரி சரியா என்று பார்த்து அலமாரியில் வைத்துப் பூட்டுவார் இந்த மனிதர். நான் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள் இல்லை, துணி வெட்டும் கத்தரியை எடுத்தேன்.

முதல் ஆறு உறைகளைப் பிரித்தபோது உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. செருப்பு என்ன, புதுப் போன் என்ன, வாரம் இரண்டு முறை ஹோட்டல் என்ன, பெரிய மனுஷி வாழ்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. தைக்கக் கொடுத்ததை வாங்கிப்போக மாடிவீட்டு ஆடிட்டர் அம்மா வந்தார், வெட்கத்தை விட்டு அவரிடமே தாள்களைக் காட்டினேன். கடைசித் தாளில் இருக்கிற கடன் இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம். வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம். கடைசியாகக் கட்டிய மாதத்தில் நீ குறைந்தபட்சத் தொகை என்று ஏறக்குறைய பதினாலாயிரம் கட்டியிருக்கிறாய், அதில் பத்தாயிரம் வட்டிக்கே போய்விட்டது. நாலாயிரத்தைக் குறைத்துவிட்டு அதே கார்டில் பன்னிரண்டாயிரத்துக்குமேல் மறுபடி ஏற்றியிருக்கிறாய். படித்தவளாம், கணக்கில் தொண்ணூற்றெட்டு மார்க்காம், அந்த மார்க் தாளை நான் கண்ணாடி போட்டு மாட்டி வேறு வைத்திருக்கிறேன். கட்ட முடிந்ததெல்லாம் கட்டுவது கடனை அடைப்பது, அவன் குறைந்தபட்சம் என்று போட்டதை மட்டும் கட்டுவது அவனுக்குச் சம்பளம் கொடுப்பது. இது என்னிடம் துணி தைக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும், உனக்குத் தெரியவில்லை.

அந்தப் பன்னிரண்டாயிரம் என்ன என்றுதான் அடுத்தது பார்த்தோம். மாதாமாதம் மூன்றாம் தேதி, தவறாமல், வீட்டு வாடகை என்று போட்டிருக்கிறது, கூடவே அதற்கு ஒரு கட்டணம். ஊரில் இல்லாத வாடகை கொடுக்கிறாளே என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஆடிட்டர் அம்மா வீட்டு உரிமையாளர் பெயரைப் படித்தார். உன் அப்பா பெயர். அடி பாவி, பெற்ற அப்பனை வீட்டுக்காரனாக்கி, ஏதோ ஒரு செயலி வழியாகக் கார்டிலிருந்து பணம் உருவி, மூன்றரை வட்டிக்கு எங்களுக்கு அனுப்பியிருக்கிறாய். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்குச் சாப்பிடும்போது, இனிமே வீட்டுச் செலவு என் பொறுப்புப்பா, நீங்க நிம்மதியா இருங்க என்று சொன்னாய், அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறாயாம். உன்னை யார் கேட்டது. அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, என் மெஷின் ஓடுகிறது, இரண்டு பேர் என்ன பெரிதாகத் தின்றுவிடப் போகிறோம்.

இதற்கு மேலும் ஒரு கூத்து இருக்கிறது, கேள். உன் பணத்தில்தான் வீடு ஓடுகிறது என்று நான் நினைத்திருந்தேன், கடைக்குப் போய் வருகிறவர் அவர்தானே. அன்று சாயங்காலம் ஒரு பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். நீ அனுப்பியதில் ஒரு காசு தொடவில்லை. வந்த அன்றைக்கே அப்படியே உன் பெயரையும் சேர்த்துத் தொடர்சேமிப்பில் போட்டிருக்கிறார். புள்ள ஒருநாள் வீடு வாங்கும்போது எடுத்துக் குடுக்கலாம்னு நெனச்சேன், அதுவரைக்கும் சொல்ல வேணாம்னு இருந்தேன் என்றார். அங்கே மாதத்துக்கு மூன்றரை கொடுத்து நீ வாங்குகிறாய், இங்கே வருஷத்துக்கு ஆறு வருகிறது என்று அவர் சேர்க்கிறார். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் பாசத்தைக் காட்டி நடுவில் இருக்கிற கம்பெனிக்காரனுக்கு இரண்டு வருஷம் படியளந்திருக்கிறீர்கள். எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது, எதைச் செய்வதென்று தெரியாமல் காலரைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

என் வாயும் சும்மா இருக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நீ அனுப்பும் பணம்தான் தாங்குகிறது கண்ணு என்று நானும் போனில் பாடினேன், துணி கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்தேன். முன்பு பத்தாயிரம் அனுப்பலாமா என்றுதான் நீ கேட்டாய், ஃப்ரிட்ஜ் ரிப்பேர், விலைவாசி என்று நான்தான் மூக்கால் அழுதேன். அந்த இரண்டாயிரம் என் புண்ணியம்.

அது கிடக்கட்டும், போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் நீ சொன்ன யோசனைக்கு வருகிறேன். ஆபீஸ் நண்பன் ஒருவன் ஏதோ திட்டம் வைத்திருக்கிறானாம், மாதம் மூன்று சதவீதம் நிச்சயமாம், அப்பாவின் ஓய்வுப் பணம் நாலு லட்சத்தை எடுத்துப் போடச் சொன்னாயாம். அவரும் மறுநாளே வங்கிக்குப் போய்ப் படிவம் வாங்கி, நிரப்பி, கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டார். மாதம் மூன்று நிச்சயம் என்று ஒருவன் சொன்னால், அவன் எதற்குக் கிழவன் பணத்துக்கு அலைகிறான் என்று ஒரு கேள்வி உனக்கு வரவேண்டாமா. அதையும் விடு, அவன் சொல்வது சத்தியமாகவே இருந்தாலும் மூன்றரை கொடுக்கிறவளுக்கு மூன்று எதற்கு. படிவத்தைக் கிழித்துவிட்டேன். அதில் வருவதைக்கொண்டு கார்டை அடைக்கலாம் என்று நினைத்தாய் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் காதைத் திருகாமல் கடிதம் எழுதுகிறேன்.

ஆடிட்டர் அம்மா சொன்னதை உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். கார்டுக் கடன் இருக்கிறவரை அதை அடைப்பதுதான் உனக்கு முதலீடு, அதைவிட நிச்சயமான லாபம் எவனும் தரமாட்டான். அது முடிந்தபிறகு ஆறு மாதச் செலவுக்கான பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி வங்கியில் வை. அதற்கப்புறமும் கையில் மிஞ்சினால், மிஞ்சினால் மட்டும், மொத்தச் சந்தையையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற சாதாரண ஃபண்டில் சின்னத் தொகை போட்டுவிட்டுப் பத்து வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே. கேட்கவே சப்பென்று இருக்கிறதே என்றேன் நான். நல்லதெல்லாம் சப்புன்னுதான் இருக்கும் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் போய் அந்தச் சேமிப்பை முறித்தோம். அபராதம் போக இரண்டு லட்சத்து எழுபத்தாறாயிரம் வந்தது, என் தையல் பணம் பத்தாயிரம் சேர்த்து உன் கணக்கில் போட்டாயிற்று. அது உன் பணம்தான், தானம் என்று நினைத்துக்கொண்டு கண்ணைக் கசக்காதே. கம்பெனிக்காரியிடம் நீயே பேசு, மிச்சம் எவ்வளவு என்று கேள், அபராதத்தைத் தள்ளிவிடச் சொல்லிச் சண்டை போடு, என் மகள்தானே, சண்டை போட வராதா. அடைத்துவிட்டது என்று எழுத்தில் வாங்கிக்கொள். அப்புறம் கார்டை என்ன செய்வதென்று நான் சொல்ல வேண்டியதில்லை, கத்தரி அங்கேயும் கிடைக்கும்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல். கடைசி ஐந்து தாள்களில் ஒரு துணிக்கடை இல்லை, ஒரு ஹோட்டல் இல்லை. பஸ் பாஸ் இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது, பன்னிரண்டாயிரம் இருக்கிறது. சம்பளத்தைக் குறைத்துவிட்டார்களா, வேலையே போய்விட்டதா. எதுவாக இருந்தாலும் உன் அறை அப்படியே இருக்கிறது, நூல்கண்டுப் பெட்டிகளை மட்டும் எடுத்து வைத்தால் போதும்.

நீ நோய்நொடி இல்லாமல், கடன் இல்லாமல், ஆயுசோடு இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்றைச் சொல்லாமல் கடைசிவரை வைத்திருந்தேன். நேற்று அப்பா தன் ஓய்வூதியக் கணக்குப் பாஸ்புக்கில் வரவு பதிந்துகொண்டு வந்தார். இந்த மாதம் மூன்றாம் தேதியும் பன்னிரண்டாயிரம் வந்திருக்கிறது. கார்டைத்தான் நிறுத்திவிட்டார்களே, இதை யாரிடம் வாங்கினாய். உன்னைத் திட்ட எனக்கு ஒருநாளும் வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை, இதற்கு மட்டும் நேற்றிலிருந்து தேடுகிறேன், கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்கிய இடத்தில் கொடுத்துவிட்டு, முதலில் போய் வயிறாரச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா